மைக்கை நம்புவதா, மீட்டரைக் கையில் எடுப்பதா? டெல்டா வீடுகளில் சரவுண்டு ஸ்பீக்கர் செட்டிங்

ஐந்து ஸ்பீக்கரும், பேஸ் எனப்படும் அடி ஒலிக்கான சப்வூஃபரும் கொண்ட 5.1 செட் வாங்கி, ஒயரெல்லாம் இழுத்து, அவற்றை இயக்கும் ரிசீவரை ஆன் செய்ததும் ஒரு கேள்வி வந்து நிற்கும். பெட்டிக்குள் வந்த சின்ன மைக்கைச் சொருகி, ரிசீவரே எல்லாவற்றையும் அளந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? இல்லை, இஞ்ச் டேப்பும் சவுண்டு மீட்டரும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கராக நாமே செட் செய்வதா? லேப்டாப்பில் தனி மைக் இணைத்து வரைபடம் பார்த்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதற்குக் கிடைக்கிற யோசனைகளில் பெரும்பாலானவை நான்கு பக்கமும் மூடி, கார்பெட் விரித்த அறையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ நாம் படம் பார்க்கிற இடம் அப்படி இருப்பதில்லை. இங்குள்ள வீடுகளை வைத்துத்தான் இந்த மூன்று வழிகளையும் எடை போட வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் பழைய கூடமாக இருந்தால் கையால் செட் செய்யுங்கள். கதவு ஜன்னல் அடைத்த கான்கிரீட் அறையாக இருந்தால் ரிசீவரே மைக்கில் அளந்துகொள்ளும் 'ஆட்டோ'வை ஓட்டிவிட்டு, அது போட்ட எண்களைக் கையால் சரிபாருங்கள். லேப்டாப் வழி, பேஸ் பிரச்சினை எதற்கும் அடங்காதவர்களுக்கு மட்டும்.

எந்த எண்களை மாற்றுகிறோம்?

எந்த வழியில் போனாலும் ரிசீவருக்குச் சொல்ல வேண்டியவை மூன்று: ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபரிடம் தள்ளிவிட வேண்டும் (இந்த எல்லைதான் கிராஸ்ஓவர்). நான்காவதாக ஈக்யூ உண்டு, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியாக ஏற்றி இறக்குவது. அதைக் கையால் முழுமையாகச் செய்வது கடினம்.

தூரம் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். சோபா இடது சுவரை ஒட்டிக் கிடக்கிறது, இடது சரவுண்டு 1 மீட்டரிலும் வலது சரவுண்டு 2 மீட்டரிலும் இருக்கின்றன என்றால், வலது பக்கத்து ஒலி கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். நம் காது முதலில் வந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையைத்தான் பிடித்துக்கொள்ளும். மழைக் காட்சியில் மழை முழுக்க இடது பக்கமே பெய்வதுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம். சத்தத்திலும் இதே கதைதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் குறையும்.

(சித்திரை வெயிலில் ஒலி இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகுமே என்று யோசிப்பவர்கள் அதை விட்டுவிடலாம். எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே விகிதத்தில்தான் மாறும். வித்தியாசம் காதுக்கு எட்டாது.)

வீட்டைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

பழைய அக்கிரகாரத்து வீடு, அல்லது கிராமத்து ஓட்டு வீடு: ரேழி தாண்டி நீளமான கூடம், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தூண்கள், அதற்கப்பால் முற்றம். இங்கே பேஸ் தேங்குவதில்லை. முற்றம் வழியாக மேலே போய்விடுகிறது. இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவர் இருக்கும், வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஆகாயம் இருக்கும். போதாக்குறைக்குத் தெருச்சத்தம், காக்கை, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் உள்ளே வரும்.

புது வீடு இதற்கு நேர்மாறு. 12க்கு 14 அடி அறை, 10 அடி உயரம், தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ், பூசி வழவழத்த சுவர். ஒலி வெளியே போக வழியே இல்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி அலை மோதித் திரும்பி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தேங்கி நிற்கும். 14 அடி நீளத்துக்கு அது சுமார் 40 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்குச் சுமார் 47, 10 அடி உயரத்துக்குச் சுமார் 56. மூன்றுமே சப்வூஃபர் வேலை செய்கிற பகுதி. அறை சதுரமாக, 12க்கு 12 ஆக இருந்தால் இன்னும் மோசம். நீளமும் அகலமும் ஒரே 47 ஹெர்ட்ஸில் சேர்ந்துகொண்டு குமுறும். "பேசுறது ஒண்ணும் வெளங்கலப்பா, இடிதான் இடிக்குது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் குமுறலைத்தான்.

இந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரே வைத்தியம் சொல்ல முடியாது. மூடிய அறையில் இருப்பது மிகை, அதை வெட்டிக் குறைக்க வேண்டும். ஈக்யூ அதை நன்றாகவே செய்யும். திறந்த கூடத்தில் இருப்பது குறைவு. அதை ஈக்யூவால் நிரப்பப் போனால் சப்வூஃபர்தான் திணறும். 3 டெசிபல் ஏற்றினால் இருமடங்கு பவர் வேண்டும், 10 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கு. எட்டு இஞ்ச், பத்து இஞ்ச் சப் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. முற்றத்து வழியாகப் போகிற பேஸை ஈக்யூ போட்டுத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்காமல், சப்வூஃபரை சுவர் மூலைக்கு நகர்த்துங்கள். மூலையில் வைத்தாலே பேஸ் தானாகக் கூடும்.

ஆட்டோ: எதில் நல்லது, எங்கே தவறுகிறது

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ.; பயனியரில் எம்.சி.ஏ.சி.சி.; சோனியில் டி.சி.ஏ.சி. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை ஒலி போட்டு, மைக்கில் கேட்டு, தூரம், சத்த அளவு, கிராஸ்ஓவர், ஈக்யூ நான்கையும் தானே நிரப்பிக்கொள்ளும். ஆடிஸியின் பெரிய பதிப்புகள் எட்டு இடங்கள் வரை அளக்கும். ஒயர் பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் சொல்லிவிடும். சில சமயம் சரியான ஒயரையும் தப்பு என்று சொல்லும். ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் தொடரலாம்.

மூடிய டைல்ஸ் அறையில் இதற்கு ஈடு இல்லை. 40, 47, 56 ஹெர்ட்ஸில் எங்கே எவ்வளவு தேங்குகிறது என்று இஞ்ச் டேப்பால் கண்டுபிடிக்க முடியாது.

சப்வூஃபர் தூரம் விஷயத்திலும் ஆட்டோவே மேல். சப் உங்களிடமிருந்து 3 மீட்டரில் இருந்தாலும் ரிசீவர் 4 மீட்டர் என்று காட்டும். பலர் இதைத் தவறு என்று நினைத்து டேப் அளவுக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துகிறது. ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாகவே கணக்கு வைக்கிறது. 3 மில்லிசெகண்ட் என்றால் ஒரு மீட்டர் கூடிவிடும்.

ஆட்டோ சறுக்குகிற இடங்களும் உண்டு. பெரிய டவர் ஸ்பீக்கர்களைப் பார்த்தால் 'லார்ஜ்' என்று போட்டுவிடும். அப்படிப் போட்டால் அடி பேஸும் அந்த ஸ்பீக்கருக்கே போகும், சப்வூஃபர் பாதி வேலையில் நிற்கும். வீட்டில் பயன்படுத்தும் எந்த ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சின்ன சேட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 100 அல்லது 120. ஆட்டோ 80 போட்டிருந்தால் நீங்கள் 100 ஆக்கலாம். ஆனால் 100 போட்டிருந்தால் 60க்கு இறக்காதீர்கள். அந்தப் பகுதியில் அந்த ஸ்பீக்கருக்குத் தெம்பு இல்லை என்று அளந்துதான் போட்டிருக்கிறது. ஆடிஸி அந்த எல்லைக்குக் கீழே ஈக்யூவும் செய்வதில்லை.

இன்னொன்று, சப்வூஃபர் அளவை மைனஸ் 12 என்று காட்டினால் அந்த அளவீட்டை நம்ப வேண்டாம். அதற்குக் கீழே இறங்க ரிசீவருக்கு இடமில்லை என்று பொருள். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கெயின் திருகைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். மைனஸ் 5க்கும் பிளஸ் 2க்கும் நடுவில் எங்காவது வந்தால் நல்லது. சப்வூஃபரிலேயே ஒரு கிராஸ்ஓவர் திருகு இருக்கும். அதை அதிகபட்சத்தில் அல்லது எல்.எஃப்.இ. (சப்வூஃபருக்கான தனி பேஸ் சானல்) என்ற இடத்தில் வைத்துவிடுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மைக்கை சோபா மெத்தை மேல் வைக்கக் கூடாது. காது உயரத்தில், சோபாவின் முதுகிலிருந்து ஒரு முழம் தள்ளி, கேமரா ஸ்டாண்டில் நிற்க வேண்டும். மைக் தொலைந்துவிட்டால் வேறு கம்பெனி மைக்கைச் சொருகாதீர்கள். அந்த ரிசீவருக்கென்று கணக்கிட்ட மைக்கில்தான் எண்கள் சரியாக வரும்.

கையால் செய்வது

திறந்த கூடத்துக்கு என் தேர்வு இதுதான். பணிவாகச் சொன்னாலும் உறுதியாகவே சொல்கிறேன்: ஒரு மாலை நேரம் ஒதுக்கிக் கையால் செட் செய்த ஸ்பீக்கர்கள் தருகிற திருப்தி தனி. எந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகிறது என்று காது கற்றுக்கொள்கிறது.

தேவையானவை இஞ்ச் டேப், ஒரு சவுண்டு லெவல் மீட்டர், கூட ஒரு ஆள். மீட்டர் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது 'ஏ', 'சி' என்று இரண்டு வெயிட்டிங்கும் (எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்ற முறை) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'ஏ' மட்டும் உள்ள மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. 'ஏ' வெயிட்டிங் 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து சப்வூஃபரை ஏற்றினால் ஓடு பெயர்ந்துவிடும். 'சி', 'ஸ்லோ' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன் ஆப் போதாதா? ஐந்து ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று சமப்படுத்தப் போதும். அங்கே நமக்கு வேண்டியது வித்தியாசம்தான், சரியான டெசிபல் எண் வேண்டியதில்லை. சப்வூஃபருக்கு மட்டும் போனை நம்பாதீர்கள். போன் மைக்குகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை, அடி பேஸை அவை ஒழுங்காகக் கேட்பதில்லை.

முதலில் ஸ்பீக்கர்களை இடம் பார்த்து வையுங்கள். முன்பக்க இடது வலது இரண்டும் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இரு புறமும் 22 முதல் 30 டிகிரிக்குள். சரவுண்டு இரண்டும் காதுக்குச் சற்றே பின்னால், 110 முதல் 120 டிகிரிக்குள். கூடத்தில் ஒரு பக்கம் சுவரில்லை என்றால் சரவுண்டைத் தூணில் மாட்டலாம். தூண் சரியான கோணத்தில் இல்லையென்றால் ஸ்டாண்டு வாங்குவது மேல். தப்பான கோணத்தை எந்த மெனுவாலும் திருத்த முடியாது.

அப்புறம் தூரம். தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் முகப்புக்கும் டேப் பிடித்து, வந்த அளவை ரிசீவரில் போடுங்கள். நேர்கோட்டில் அளக்க வேண்டும், தரை வழியாக அளக்கக் கூடாது. ஐந்து, பத்து சென்டிமீட்டர் பிசகினால் குற்றமில்லை.

பிறகு அளவு. மெனுவில் டெஸ்ட் டோனை ஓட விட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் வரும். மீட்டரைத் தலை இருக்கும் இடத்தில், முனை மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, எல்லா ஸ்பீக்கரும் 75 டெசிபல் காட்டும்வரை ஏற்றி இறக்குங்கள். மீட்டர் பிடிப்பவர் உடம்பை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். உடம்பே ஒலியை மறைக்கும். 75 என்பது தியேட்டர் அளவோடு ஒத்துப்போவதற்கான வீட்டுக் கணக்கு. அக்கம்பக்கத்துக்காக 70இல் வைத்து எல்லாவற்றையும் சமப்படுத்தினாலும் சமநிலை கெடாது.

சப்வூஃபர் இரைச்சலில் மீட்டர் முள் நிற்காமல் ஆடும். நடுவாக ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு மீட்டர்கள் அடி பேஸைக் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதால், இது தோராயம்தான்.

சப்வூஃபர் தூரத்துக்கு டேப் உதவாது என்று மேலே சொன்னேன். கையால் செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள்: 80 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை யுஎஸ்பியில் போட்டு, முன்பக்க ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஒலிக்க விடுங்கள். ஒருவர் மெனுவில் சப் தூரத்தை 30 சென்டிமீட்டர் அளவில் கூட்டிக்கொண்டே போக வேண்டும், மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எந்த எண்ணில் மீட்டர் அதிகமாகக் காட்டுகிறதோ அதுதான் சரியான தூரம். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். அதில் பாதி, அதாவது 2.1 மீட்டர் அளவுக்குப் பிசகினால் இரண்டு ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸே காணாமல் போகும். நல்ல சப்வூஃபர் வாங்கியும் "அடியே இல்லை" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாகக் காது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. கல்யாணத்திலும் கோயில் புறப்பாட்டிலும் தவிலைப் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்த காது நம்முடையது. நல்ல ஒலிப்பதிவில் நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போடுங்கள். தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழுகிற ஓசை பளிச்சென்று வெட்டியதுபோல் கேட்க வேண்டும். தொப்பியில் குச்சி விழும்போது அடி வந்து உடனே அடங்க வேண்டும். தொப்பி அடி நீண்டு குமுறினால் சப் அதிகம், 2 டெசிபல் இறக்குங்கள். வலந்தலை மட்டும் கேட்டுத் தொப்பி மெலிந்தால் ஏற்றுங்கள். சினிமா வெடிச்சத்தத்தை வைத்து பேஸை முடிவு செய்யாதீர்கள். உண்மையில் அது எப்படி ஒலிக்கும் என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

இரண்டையும் சேர்த்துச் செய்தால்

மூடிய அறைக்காரர்கள் ஆட்டோவை ஓட்டிவிட்டு தூரம், அளவு, கிராஸ்ஓவரைக் கையால் மாற்றினால் ஈக்யூ அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அழியாது. ஒரு விஷயம் மட்டும் கவனத்தில் இருக்கட்டும். பல மாடல்களில் மெனுவுக்குள் இருக்கும் டெஸ்ட் டோன் ஈக்யூ வழியாகப் போகாமல் நேரே ஸ்பீக்கருக்கு வரும். அதனால் மீட்டரில் 1, 2 டெசிபல் வித்தியாசம் தெரிந்தால் ஆட்டோ போட்டதை அப்படியே விடுங்கள். 3 டெசிபலுக்கு மேல் போனால் மட்டும் கை வையுங்கள். வித்தியாசத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் டெஸ்ட் டோனை யுஎஸ்பியிலோ டிஸ்க்கிலோ போட்டுப் பாருங்கள்.

டைல்ஸ் அறையில் கை தட்டினால் 'டிர்ர்' என்று எதிரொலி வருகிறதா? அது எந்த மெனுவுக்கும் அடங்காது. தரையில் கனமான ஜமக்காளம், பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, இரண்டும் போட்டுவிட்டு ஆட்டோவை ஓட்டுங்கள். கோரைப்பாய் மெல்லியது, போதாது.

லேப்டாப், தனி மைக்

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யுமிக்-1 போன்ற யுஎஸ்பி மைக்கை இணைத்தால், அறையில் எந்த ஹெர்ட்ஸ் தூக்குகிறது, எது விழுகிறது, எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று படமாகவே காட்டும். மைக்குக்கு மைக் தனித் திருத்தக் கோப்பு உண்டு, அதனால் துல்லியத்தில் மற்ற இரண்டு வழிகளும் கிட்ட வர முடியாது. விலை மீட்டரைப் போலப் பல மடங்கு. கற்றுக்கொள்ளவும் நாளாகும். இரண்டு சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கும், சதுர அறையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது தகும். ஒற்றை சப், 5.1 செட் என்றால் அந்தப் பணத்தை வசனம் வரும் நடு ஸ்பீக்கரில், அதாவது சென்டரில், போடலாம் என்பது என் கருத்து.

ஆள் வைத்துச் செய்வதானால், திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவரிடம் முடிந்தபின் எல்லா எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எப்போது அளப்பது

எந்த வழியானாலும் சுற்றுச்சத்தம் குறைவான நேரம் வேண்டும். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் அணைத்துவிடுங்கள். மார்கழி விடியற்காலை கோயில் ஒலிபெருக்கி ஓடும், தை மாதம் அறுவடை இயந்திரம் தெருவில் போகும், ஐப்பசி மழையில் இரவெல்லாம் தவளை கத்தும். மற்ற மாதங்களில் இரவு பத்து மணிக்குமேல் டெல்டா கிராமங்களைப்போல அமைதியான இடம் கிடைக்காது. ஆனால் 75 டெசிபல் இரைச்சலை அந்த நேரத்தில் போட்டால் பக்கத்து வீட்டார் எழுந்து வருவார்கள். மதியம் இரண்டு மணி, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம், எனக்குத் தெரிந்து நல்ல சமரசம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது அளக்க வேண்டாம். சைன் வேவ் அல்லாத பழைய இன்வெர்ட்டர்களில் ஸ்பீக்கருக்குள் 'ம்ம்' என்ற ஹம் வரும், மைக் அதையும் சேர்த்துக் கேட்கும்.

சோபா இடம் மாறினால் தூரமும் அளவும் மறுபடி பார்க்க வேண்டும். திரையோ ஜமக்காளமோ புதிதாக வந்தால் ஆட்டோவை மறுபடி ஓட்ட வேண்டும். வயதானவர்கள் வசனம் கேட்கவில்லை என்றால் சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றிக் கொடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதி ரிசீவருக்கு அடியிலேயே வைத்துவிட்டால், வீட்டுப் பிள்ளைகள் மெனுவுக்குள் போய் ரீசெட் அழுத்தினாலும் தூரம், அளவு, கிராஸ்ஓவர் மூன்றையும் பத்து நிமிடத்தில் திரும்ப ஏற்றிவிடலாம். ஈக்யூவுக்கு மட்டும் மைக்கை எடுக்க வேண்டியிருக்கும்.